கடைசிக் கவளம்

அரசாங்கப் பதிவேட்டின்படி அந்த மான் மே மாதம் மூன்றாம் தேதி மாலை ஆறு நாற்பதுக்குச் செத்துவிட்டது. தொண்ணூறு மீட்டர் தூரத்திலிருந்து ஒரே குண்டு, துடிக்கவில்லை, எடை பதினாறு கிலோ, சுட்டவர் பல் மருத்துவர் ஓட்டோகார் விம்பாவர். படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, அடியில் கையெழுத்தும் இருந்தது. ஆகவே ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை ஐந்து பத்துக்கு, ஹின்டராவ் ஊர் எல்லை வளைவில், அதே மான் புதரிலிருந்து பாய்ந்து சென்ஸியின் ரொட்டி வண்டியில் மோதியது சட்டப்படி பெரிய அத்துமீறல். மானுக்கு அது தெரியாது. பவேரியாவில் மான்களுக்கு நகல் அனுப்பும் வழக்கம் இன்னும் வரவில்லை.

சென்ஸிக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பதினோரு ஊர், பதினோரு ஊருக்கும் ஏழு மணிக்குள் ரொட்டி. அண்ணன் ஸாவர் சுடுவான், தங்கை சென்ஸி கொண்டுபோய்க் கொடுப்பாள். ஐம்பத்திரண்டு வயதில் இருபத்தைந்து கிலோ மாவு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று வம்பு பேசக்கூடியவள். ஒரு வாரம் அவள் வண்டி வரவில்லை என்றால் பதினோரு ஊரையும் சுருட்டிக்கொள்ளப் பட்டணத்து ரொட்டி ஆலைக்காரன் ருசி பார்க்கத் தரும் பொட்டலங்களோடு காத்திருந்தான்.

ஆகஸ்ட் தொடக்கம் மான்களுக்குக் காதல் பருவம். அந்த நாட்களில் ஆண் மான் சாலையைக் கடக்கும்போது இடது வலது பார்க்காது. வண்டியின் முன்விளக்கு நொறுங்கி, மூக்கு உள்வாங்கி, நீராவி கிளம்பியது. மான் நான்கு காலையும் நீட்டிப் படுத்துவிட்டது.

இந்த இடத்தில் சட்டம் தெரிந்த எந்த ஜெர்மானியனும் மூன்றடி தள்ளி நின்று காவலரைக் கூப்பிடுவான். மானைத் தொட மாட்டான். காட்டில் திரியும்போது அது யாருடையதும் இல்லை; செத்து விழுந்த நொடியில் அது வேட்டைக் குத்தகைதாரருடைய பொருள். சென்ஸி வியாபாரி வீட்டுப் பெண். ஊரார் பொருள் தெருவில் கிடந்தால் உரியவரிடம் சேர்ப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள். மானைத் தூக்கிக் கசகசா ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் கிடத்தி, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த பல் மருத்துவரின் வேட்டைக் குடிலுக்கு முக்கி முனகும் வண்டியை ஓட்டிப் போனாள். வழியில் பின்னாலிருந்து ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. அச்சாணி தேய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

விம்பாவர் வாசலில் நின்றிருந்தார். பட்டணத்தில் வாரம் ஐந்து நாள் பல் பிடுங்குவார். மிச்ச நேரத்தில் ஹின்டராவ் நிலம் முழுவதன் வேட்டை உரிமையும் அவருடையது. அந்த உரிமையை அவருக்குக் குத்தகைக்கு விட்டது ஊர் நிலக்காரர்களின் வேட்டைச் சங்கம். ஸாவர் மாதிரி நாலு பாத்தி உருளைக்கிழங்கு போட்டிருப்பவனும் அதில் பிறவி உறுப்பினன். சேர விண்ணப்பம் தேவையில்லை, விலக வழியில்லை. விம்பாவருக்கு அதிகாலையிலும் பச்சைச் சட்டை, பச்சைக் கோட்டு, தொப்பியில் மலையாட்டு மயிர்க்கொத்து. அந்தக் கொத்தின் உயரத்தை வைத்துத்தான் வேட்டைக்காரனின் தகுதியைச் சொல்வார்கள். விம்பாவருடையது வாசலில் நுழையக் குனிய வேண்டிய அளவு.

"டாக்டரே, உங்க மானை இடிச்சுட்டேன். பின்னாடி வெச்சிருக்கேன். விபத்துச் சான்று ஒண்ணு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா காப்பீட்டுக்காரன் வண்டிய சரி பண்ணிக் குடுத்துடுவான்."

"வெச்சிருக்கீங்களா?" விம்பாவரின் முகம் நீண்டது. "சென்ஸி அம்மா, காட்டு விலங்கை ரோட்டுலேருந்து எடுக்கறதுக்குப் பேரு திருட்டு வேட்டை. மூணு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம்."

"நான் எங்க எடுத்தேன்? கொண்டாந்து குடுக்கறேன்."

"எடுக்காம எப்படிக் குடுப்பீங்க?"

காவலர் க்விரினை வரவழைத்தார்கள். தினம் காலை சென்ஸியிடம் ஒரு ப்ரெட்செல் முறுக்கு ரொட்டி வாங்கித் தின்பவன்; அன்றைக்கு அது வராததால் பசியோடு வந்தான். குறிப்பேட்டைத் திறந்தான்.

"என்ன ஆச்சுக்கா, சொல்லுங்க."

"வளைவுல பாஞ்சுது. படக்குன்னு அடி. பாவம், கண்ணு திறந்தாப்புலயே கிடந்துச்சு. காதுல கொஞ்சம் ரத்தம்."

விம்பாவர் கையை உயர்த்தினார். "திருத்தி எழுதணும் தம்பி. மானுக்குக் கண்ணு கிடையாது. விளக்கு. காது கிடையாது, கேட்பான். கால் கிடையாது, ஓட்டம். ரத்தம் கிடையவே கிடையாது, வியர்வை. வேட்டைக்காரன் பாஷைக்கு எழுநூறு வயசு. தப்பாப் பேசினா எங்க வேட்டைக்காரங்க சங்கத்துல எல்லாருக்கும் ஒரு சுத்து பீர் வாங்கித் தரணும்."

க்விரின் பணிவாக அடித்துத் திருத்தி எழுதினான். பிறகு பேனாவைக் கடித்தான். "இடது விளக்கு உடைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கேன். இது மானுக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குடா," என்றாள் சென்ஸி.

"அப்ப மானுக்கு விளக்கு எரியுது," என்று எழுதிக்கொண்டான்.

சட்டம் முடிந்தது, இனி சடங்கு. விம்பாவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். ஓக் மரத்திலிருந்து மூன்று சிறு கிளைகளைக் கையால் ஒடித்தார். கத்தி பட்டால் தீட்டு. செத்த மிருகத்தின் வாயில் ஒரு கிளையைச் செருகுவது இவர்கள் வழக்கம். அதற்குக் கடைசிக் கவளம் என்று பெயர். உயிரோடு இருந்தபோது தின்ன விடாதவர்கள் செத்தபின் ஊட்டுவது உலகமெங்கும் உள்ளதுதான், இங்கே அதற்கு இலக்கணம் உண்டு. பிறகு கொம்புக் குழலை எடுத்து 'மான் மாண்டது' என்ற இசையை ஊதினார். ஒன்பது சுரம், கடைசி சுரம் நீளம். க்விரின் சல்யூட் அடித்தான்.

சென்ஸி கதவைத் திறந்தாள்.

வண்டிக்குள் மான் நின்றுகொண்டிருந்தது. வால்நட் பின்னல் ரொட்டி ஒன்றின் பாதி அதன் வாயில், மீதிப் பாதி தரையில். வலது காதில் ஒரு பழைய கிழிசல். குழலோசையில் குறை கண்டுபிடித்த சங்கீத விமரிசகரைப் போல் விம்பாவரைப் பார்த்தது. சடங்கில் மூழ்கியிருந்த விம்பாவரின் கை ஏற்கெனவே நீண்டுவிட்டது. மான் அந்த ஓக் கிளையை நுகர்ந்தது, வாங்கிக்கொண்டது, மென்று விழுங்கிவிட்டு, மற்ற இரண்டும் எங்கே என்று அவர் கையைத் தேடியது.

"டாக்டரே," என்றான் க்விரின் மெதுவாக. "செத்த மான் மெல்லுமா?"

விம்பாவர் உள்சட்டைப் பையிலிருந்து தோல் அட்டைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். மானின் கிழிந்த காதைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"இது என் மான் இல்லை. என் வேட்டை எல்லையில ஆண் மானே கிடையாது. பதினாலு இருந்துச்சு. பதினாலையும் திட்டப்படி முடிச்சாச்சு."

"அப்ப இது பதினஞ்சாவது," என்றாள் சென்ஸி.

"பதினஞ்சு இருக்க முடியாது. பதினாலுன்னு மாவட்ட அலுவலகத்துல தீர்மானிச்சிருக்கு."

தீர்மானித்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். மானை யாரும் எண்ணுவதில்லை, அது நிற்காது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வன அலுவலர் காட்டுக்குள் போய், மரக்கன்றுகளின் நுனி எவ்வளவு கடிபட்டிருக்கிறது என்று பார்ப்பார். எச்சில் இலையைப் பார்த்துப் பந்திக்கு வந்தவர்களை எண்ணுவது போல. அதிலிருந்து ஒரு எண் பிறக்கும். அத்தனையைச் சுட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் காடு அழிந்துவிடும். குளிர்காலத்தில் மான்கள் பசியில் சாகாமலிருக்க மக்காச்சோளமும் ஆப்பிள் சக்கையும் வேட்டைக்காரரே கொண்டுபோய்க் கொட்டுவார். வசந்தத்தில் மான் கூடிவிட்டது என்று கவலைப்படுவதும் அவரே. கடைத்தெருவில் ஒரே ஆள் எலியும் எலிப்பொறியும் விற்றால் நாம் சந்தேகப்படுவோம். காட்டில் அதற்குப் பராமரிப்பு என்று பெயர்.

ஆக, சான்று கிடைக்கவில்லை. வண்டி அங்கேயே கடைசி மூச்சை விட்டது. க்விரின் மானைச் சாட்சிப் பொருளாகப் பறிமுதல் செய்தான். காவல் நிலையத்தில் புல் இல்லாததால், குற்றம் சாட்டப்பட்டவளின் பொறுப்பிலேயே அதை ஒப்படைத்து ரசீது எழுதிக் கொடுத்தான்.

*

ஸாவர் மாவுக் கிடங்கின் ஒரு மூலையில் வைக்கோல் பரப்பினான். மானுக்குப் பதினஞ்சு என்று பெயரும் வைத்தான். சென்ஸி டிராக்டருக்குப் பின்னால் தள்ளுவண்டி கட்டி ரொட்டி கொண்டுபோனாள். காலை உணவுக்கு வர வேண்டிய ரொட்டி மதியச் சூப்போடு போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் நாலாவது ஊரில் ஆலைக்காரனின் பளபளக்கும் வண்டி நின்றிருந்தது. ஆலைக்காரன் தொப்பியைத் தொட்டு வணக்கம் வேறு சொன்னான்.

அன்று பிற்பகலே அவள் மாவட்ட வேட்டை அலுவலகத்தில் இருந்தாள். எடெல்பெர்ட் ஷ்ட்ரோமர் என்பவர் அதன் தலைமை. மேசையில் ஒரு தூசு இல்லை, சுவரில் நாற்பது ஜோடிக் கொம்பு. அவர் சென்ஸியை உட்காரச் சொல்லி, தாமும் உட்கார்ந்து, அரசாங்கம் முழுவதும் உட்காரும்வரை காத்திருந்தார்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நீங்க என் கஷ்டத்தையும் பார்க்கணும். ஆகஸ்ட் ஆறாம் தேதி ஒரு ஆண் மான் உயிரோட இருந்துச்சுன்னு நான் ஒத்துக்கிட்டா, டாக்டரோட பதினாலு தப்பாகுது. அவர் பதினாலு தப்புன்னா பக்கத்து எல்லை நோட்டரியோட பத்தொன்பது சரியா? அதுக்கப்புறம் மாவட்டம் பூரா எண்ணூத்தி நாப்பது. ஒரு மானுக்காக எண்ணூத்தி நாப்பது மானை என்னால உயிரோட எழுப்ப முடியாது. ஏசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் கிடையாது இது, அலுவலகம்."

"ஐயா, அது என் கிடங்குல நின்னு ரொட்டி தின்னுட்டிருக்கு. வந்து பாருங்க."

"பார்க்கறது என் வேலை இல்லை. நான் பார்க்க ஆரம்பிச்சா பாரபட்சம் வந்துடும்." அவர் ஒரு படிவத்தை நகர்த்தினார். "நீங்க வேற எதையாவது இடிச்சிருக்கலாம். நரின்னு போடலாமே. நரிக்குத் திட்டம் கிடையாது. எத்தனை வேணும்னாலும் இருக்கும், எத்தனை வேணும்னாலும் சாகும். ரொம்ப ஒத்துழைப்பான பிராணி."

"வண்டியில அடி இடுப்பு உசரத்துல பட்டிருக்கு. காப்பீட்டுக்காரன் அளந்துட்டுப் போயிட்டான்."

"நரி குதிச்சிருக்கும்."

"அவ்வளவு உசரமா?"

"சரி, ரெண்டு முயல். ஒண்ணு மேல ஒண்ணு."

சென்ஸி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேலி செய்யவில்லை. நல்ல எண்ணத்தோடு, இருக்கும் சரக்கில் எது அவளுக்குப் பொருந்தும் என்று தேடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் மானைத்தான் இடிச்சேன். மான்னு எழுதிக் குடுங்க."

ஷ்ட்ரோமர் பெருமூச்சு விட்டுப் படிவத்தைத் திருப்பினார். "அப்படின்னா ஒரே வழிதான். இங்க ரெண்டு கட்டம் இருக்கு, பாருங்க. 'இடித்த இடத்திலேயே இறந்தது', 'பிறகு சுட்டு விடுவிக்கப்பட்டது'. மூணாவது கட்டம் இல்லை. உயிரோட ஒரு பதினஞ்சாவது மான் இருந்தா அது முறைகேடு. செத்துப்போன பதினஞ்சாவது மான் இருந்தா அது திட்டத்தை மிஞ்சின சாதனை, நானே பாராட்டுக் கடிதம் தருவேன். சனிக்கிழமை டாக்டர் வந்து அதை விடுவிப்பார். அன்னைக்கே சான்று உங்க கையில."

"அது நல்லாத்தானே இருக்கு. எதுலேருந்து விடுவிக்கறது?"

"தெளிவில்லாத நிலைமையிலேருந்து," என்றார் ஷ்ட்ரோமர்.

*

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" ஸாவர் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டான். "ஒரு தட்டுல மான், ஒரு தட்டுல பதினோரு ஊர். எடை போட்டுப் பாரு."

"போட்டுப் பார்த்துட்டேண்ணே."

"மான் கறி தின்னாதவ மாதிரி பேசாத. போன கிறிஸ்மஸுக்கு ரெண்டாந்தடவை வாங்கிப் போட்டுக்கிட்டவ யாரு?"

"நான்தான். இந்தக் கிறிஸ்மஸுக்கும் போட்டுக்குவேன். கறிக்குச் சுட்டா கறி. மரக்கன்னைக் கடிக்குதுன்னு சுட்டா காடு. வளைவுல நான் இடிச்சப்பவே செத்திருந்தா அது விதி, ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுட்டு ரொட்டி விக்கப் போயிருப்பேன். ஆனா ஒரு கட்டம் காலியா இருக்குன்னு ஒரு உசுரா? கட்டம் போட்டவன் இன்னொரு கோடு இழுத்தா முடிஞ்சு போற விஷயம்ண்ணே."

ஸாவர் அன்று மீந்த பின்னல் ரொட்டியை யாரிடமும் சொல்லாமல் கிடங்குப் பக்கம் எடுத்துப் போனான்.

வெள்ளிக்கிழமை ஏழாவது ஊரும் போனது. அங்கே இருந்த விடுதிக்காரி, "உன் ரொட்டிதான் ருசி சென்ஸி, ஆனா அவன் ரொட்டி காலையில வருது," என்றாள். சென்ஸி வீட்டுக்கு வந்து, கிடங்குக் கதவில் சாய்ந்து, பதினஞ்சுவிடம், "நாளைக்கு வராங்க," என்றாள். அது அவள் மேலங்கி நாடாவின் முடிச்சை மென்றது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விம்பாவர் முழு உடையில் வந்தார். ஊருக்குள் துப்பாக்கி வெடிக்கத் தனி அனுமதி வேண்டும். க்விரின் அதை மூன்று நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். விம்பாவர் கிடங்கு வாசலில் தொப்பியைக் கழற்றினார்.

"சென்ஸி அம்மா, வருத்தப்படாதீங்க. வேட்டைக்காரன்னா கொலைகாரன்னு பட்டணத்துல பேசறாங்க. ஓநாய் போச்சு, கரடி போச்சு. அதுங்க பார்த்த வேலையை இப்ப நாங்க பார்க்கறோம், சம்பளம் இல்லாம. ஓநாய்க்கு என்ன தர்மம் தெரியும்? அது குழல் ஊதுமா? வாயில கிளை வெக்குமா? நாங்க தொப்பியக் கழட்டறோம். மிருகத்துக்கு எங்களோட மரியாதை தெரியும்."

"அதைக் கேட்டுப் பார்த்தீங்களா டாக்டரே?"

"வெளிய நில்லுங்கம்மா."

கதவு மூடியது. சென்ஸி வாசலில் நின்றாள். ஸாவர் அடுப்படியில் நின்றான், மாவுக்கை காதில். ஒரு வெடி. அமைதி. இரண்டாவது வெடி. க்விரின் அனுமதிச் சீட்டைப் பார்த்து, "ஒண்ணுக்குத்தான் போட்டிருக்கு," என்றான். மூன்றாவது வெடி. அதோடு ஏதோ பெரிதாகக் கிழியும் சத்தம். பிறகு யாரோ தும்மினார்கள். அதற்குப் பதில் சொல்வது போல வேறு யாரோ தும்மினார்கள்.

சென்ஸி கதவைத் திறந்தாள். கிடங்குக்குள் பனி பெய்திருந்தது. மூன்று மாவு மூட்டைகளில் மூன்று துளை. மூன்றிலிருந்தும் முதல்தர கோதுமை மாவு சீராக வழிந்துகொண்டிருந்தது. ஐந்தடி தூரத்தில் பதினஞ்சு, வெள்ளை மான் ஒன்றாக நின்று, தலையை ஆட்டித் தும்மியது. மூட்டையின் மேல் வெள்ளை டாக்டர் ஒருவர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சென்ஸி கதவை உள்ளிருந்து சாத்தினாள்.

"டாக்டரே, அஞ்சடி."

"ஆமா."

"மே மாசம் தொண்ணூறு மீட்டர்னு எழுதியிருக்கீங்க."

விம்பாவர் மீசையிலிருந்து மாவைத் துடைத்தார். "அதுதான் இது. பதினாலாவது. கேட்பான்ல கிழிசல் பாருங்க. மூணு வருஷமாத் தெரியும் இதை." துப்பாக்கியைக் கீழே வைத்தார். "சென்ஸி அம்மா, வேட்டைப் பரீட்சை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினவன் நான். எழுநூறு வருஷத்துப் பாஷையும் தெரியும், பதினெட்டு விதமா குழல் ஊதுவேன். சுட மட்டும் வராது. விசையில விரல் வெச்சா கண்ணு தானா மூடிக்குது. ரத்தம் பார்த்தா எனக்கு ஆகாது."

"வியர்வைன்னு சொல்லணும் டாக்டரே. ஒரு சுத்து பீர் ஆச்சு."

"பல்லு பிடுங்கும்போதுகூட உதவிக்கு நிக்கற பொண்ணுதான் துடைக்கும். நான் ஜன்னலைப் பார்ப்பேன்."

"அப்ப அந்தப் பதினாலு?"

"காகிதத்துல." அவர் குரலில் மெல்ல மெல்ல ஒரு கம்பீரம் திரும்பியது. "ஏன், யோசிச்சுப் பாருங்க. காகிதத்துல சுட்டா மிருகம் துடிக்காது. குட்டி அனாதையாகாது. குண்டு தப்பி ஊரான் மேல படாது. அலுவலகத்துக்கு எண்ணிக்கை கிடைக்குது, எனக்கு மரியாதை கிடைக்குது, மானுக்கு உயிர் கிடைக்குது. இதைவிட தர்மமான வேட்டை உலகத்துல உண்டா?"

"காட்டுக்கு என்ன கிடைக்குது?"

விம்பாவர் இதை யோசித்ததில்லை போலிருந்தது. "காடு இதுவரைக்கும் எழுத்துல புகார் எதுவும் குடுக்கலை," என்றார்.

சென்ஸி கிழிந்த மூட்டை ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சந்தையில் உட்கார்ந்த உட்காரல் அது. எதிராளியின் சரக்கில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தபின் உட்காருவது.

"டாக்டரே, பதினாலை எழுதின கை பதினஞ்சையும் எழுதிடாதா?"

"எழுதலாம், ரோட்டுல அடிபட்டதுக்குக் கொம்பு கேட்க மாட்டாங்க. ஆனா மத்த பதினாலுக்கு ஏப்ரல்ல கொம்புக் கண்காட்சி இருக்கே. சுட்ட ஒவ்வொரு மானோட கொம்பையும் கீழ்த்தாடையோட பலகையில அடிச்சு மாட்டணும். பழைய சாமான் சந்தையில அலைஞ்சு பதிமூணு ஜோடி சேர்த்துட்டேன். பதினாலாவது கிடைக்கலை. இதைச் சுட்டா..." அவர் மானைப் பார்த்தார். மான் அவரைப் பார்த்தது. "கொம்பு கிடைக்குமேன்னு நினைச்சேன்."

"கொம்புதானே? நவம்பர்ல தானா விழுந்துடும். பொறுக்கி வெச்சுக் குடுக்கறேன்."

"விழுந்த கொம்புல மண்டை இருக்காதே. தாடை? பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்லுவாங்க."

சென்ஸி அவரையே பார்த்தாள். பேசவில்லை. விலை சொல்லாமல் காத்திருப்பதும் வியாபாரத்தில் ஒரு பேச்சு. விம்பாவரின் வெள்ளை முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"பல்லு," என்றார் அவர். "பல்லு என் தொழில்."

அதன்பின் கால்மணி நேரம்தான். சான்று இன்றைக்கே. திருட்டு வேட்டைப் புகார் வாபஸ். மூன்று மூட்டை மாவு டாக்டர் தலையில். கொசுறாக, குளிர்காலத்தில் மான்களுக்குக் கொட்டும் தீனியில் பாதி இனி ஸாவர் கடையில் காசு கொடுத்து வாங்கும் காய்ந்த ரொட்டி. விம்பாவர் கடைசி ஷரத்துக்குக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், சென்ஸி எழுந்து கதவைத் திறக்கப் போனாள், அவர் ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்து விம்பாவர் குழலை எடுத்து 'மான் மாண்டது' ஊதினார். உள்ளே மாண்ட மான் தும்மியது. க்விரின் உள்ளே எட்டிப் பார்க்காமல், சல்யூட் அடித்து, இரண்டாவது கட்டத்தில் குறி போட்டான். அவன் ரொம்ப நாளைக்கு அந்த வேலையில் இருப்பான்.

"உள்ள போய்க் கிளை வெச்சுட்டு வந்துடறேன்," என்றார் விம்பாவர். "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல." இரண்டாவது கடைசிக் கவளத்தை அது இன்னும் ரசித்துத் தின்றது. இந்த முறை கிளையில் மாவு தடவியிருந்தது.

*

செவ்வாய்க்கிழமை வண்டி பட்டறைக்குப் போனது. அடுத்த வாரம் ரொட்டி மறுபடி ஏழு மணிக்குள் போனது. விடுதிக்காரி ஒன்றும் நடக்காதது போல் கதவைத் திறந்தாள். சென்ஸியும் ஒன்றும் நடக்காதது போல் ஒரு ரொட்டி குறைத்து வைத்தாள். நவம்பரில் பதினஞ்சு ஒரே வாரத்தில் இரண்டு கொம்பையும் உதிர்த்தது. சென்ஸி அவற்றை ரொட்டிப் பையில் சுற்றிப் பல் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மானைக் காட்டோரம் அவிழ்த்துவிட்டாள்.

ஏப்ரலில் கொம்புக் கண்காட்சி. அறுநூறு ஜோடிக் கொம்பு வரிசையாகத் தொங்க, பச்சைக் கோட்டுக்காரர்கள் பீர்க் குவளையோடு நடுவில் நகர்ந்தார்கள். சென்ஸிக்கு அன்று ப்ரெட்செல் விற்பனை. பதினான்காம் எண் கொம்பின் முன்னால் நடுவர்கள் மூவர் நெடுநேரம் நின்றார்கள். மண்டை பல் அச்சு வார்க்கும் சாந்தைப் போல் வெளுத்திருந்தது. தாடை இன்னும் விசேஷம்.

"முப்பது வருஷமா மான் தாடை பார்க்கறேன்," என்றார் மூத்த நடுவர். "இப்படிப் பல்லு பார்த்ததில்லை. ஒரு சொத்தை இல்லை. கடவாய்ப் பல்லுல என்ன ஒரு பளபளப்பு."

"நல்ல எல்லை, நல்ல பராமரிப்பு," என்றார் விம்பாவர் அடக்கமாக. தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

ஷ்ட்ரோமர் மேடை ஏறினார். "வன உயிர்களின் காவலர்களே, திட்டம் நிறைவேறியது என்று சொல்லவே பல மாவட்டங்கள் திணறுகின்றன. நமது மாவட்டத்திலோ, ஹின்டராவ் எல்லையில், பதினான்குக்குப் பதினைந்து. இருந்ததைவிட ஒன்று அதிகமாகக் கொன்றிருக்கிறோம். இது இயற்கையால் முடியாதது, நிர்வாகத்தால் முடிந்தது. ஆயினும் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். பதினான்கு இருந்த இடத்தில் பதினைந்து இறந்திருக்கிறது என்றால், அங்கே மான்கள் எந்த அளவுக்குக் கட்டுக்கடங்காமல் பெருகியிருக்க வேண்டும். எனவே காட்டின் நலன் கருதி, வரும் திட்டத்தில் அந்த எல்லைக்குப் பதினெட்டு."

கைதட்டல் கொம்புகளை அசைத்தது. விம்பாவரும் தட்டினார். நாலாவது தட்டில் அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டதைச் சென்ஸி பார்த்தாள்.

மே மாதம் முதல் வாரம். காலை ஐந்து பத்து. ஊர் எல்லை வளைவில் பச்சைக் கோட்டு ஒன்று நின்று கையைக் காட்டியது. சென்ஸி வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"ரொட்டியா டாக்டரே?"

"ஒரு உதவி, சென்ஸி அம்மா." விம்பாவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினார். "பதினெட்டுன்னுட்டான். பழைய சாமான் சந்தையில பதினாலு ஜோடி தேத்திட்டேன், அதோட கொம்பு தீர்ந்துபோச்சு. ரோட்டுல அடிபட்டதுக்குத்தான் கொம்பு காட்ட வேண்டாம். இந்த மாவட்டத்துல நிஜமா மானை இடிச்சவங்க எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான். அதனால... தினம் இந்த வளைவுல வரீங்க... கொஞ்சம் வேகமா..."

"வேகமா?"

"நாலே நாலு. அவசரம் ஒண்ணுமில்லை, அக்டோபர் பாதி வரைக்கும் டைம் இருக்கு."

சென்ஸி இயந்திரத்தை அணைத்தாள். "டாக்டரே, வண்டி இப்பத்தான் சரியாயிருக்கு. காகிதத்துல எத்தனை தடவை வேணும்னாலும் என்னை இடிக்க வெச்சுக்கோங்க. கையெழுத்துப் போடறேன். ஒரு சான்றுக்கு நீங்க ஒரு மூட்டை காய்ஞ்ச ரொட்டி வாங்கணும், கணக்குத் தனி."

விம்பாவரின் தோள் இறங்கியது, நன்றியால் இறங்கியது. தோல் அட்டைப் புத்தகத்தை வண்டியின் மூக்கில் வைத்து எழுத ஆரம்பித்தார்: முதலாம் எண், ஆண், காலை ஐந்து பத்து, இடித்த இடத்திலேயே இறந்தது. எழுதி முடித்து, ஓரத்து ஓக் மரத்தில் கையால் ஒரு கிளை ஒடித்தார். தொப்பியை நெஞ்சில் வைத்தார். பழக்கத்தில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கிளையை எங்கே செருகுவது என்று தெரியாமல் சாலையின் நடுவில் நின்றார்.

புதர் அசைந்தது. புதுக் கொம்போடு, வலது காதில் கிழிசலோடு ஒரு மான் வெளியே வந்து, இந்த முறை இடது வலது பார்த்து, சாலையில் இறங்கி, அவர் கையிலிருந்து தன் மூன்றாவது கடைசிக் கவளத்தை வாங்கிக்கொண்டது.